மூன்று நோட்டில் இருந்த பதில், வார்டில் ஏன் வாய்க்கு வரவில்லை?

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் மூன்றாவது செமஸ்டர் படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். வகுப்பில் மேடம் சொல்வதை ஒரு வரி விடாமல் எழுதிக்கொள்கிறேன். விடுதிக்கு வந்ததும் நான்கு நிற ஜெல் பேனாவில் ஃபேர் நோட்டாக மாற்றுகிறேன். அதற்கே இரவு பதினொரு மணி ஆகிவிடுகிறது. ஆனாலும் இன்டர்னல் தேர்வில் மதிப்பெண் குறைவு. போன வாரம் மெடிக்கல் வார்டு போஸ்டிங்கில் இதயச் செயலிழப்புள்ள ஒரு தாத்தாவுக்குப் பொட்டாசியம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். "ஏன் பார்க்கச் சொன்னார்கள்?" என்று வார்டு சிஸ்டர் கேட்டபோது எனக்கு ஒன்றுமே வரவில்லை. கார்னெல் முறையில் எழுது என்கிறார் ஒரு சீனியர் அக்கா; மைண்ட் மேப் போடு என்கிறார் இன்னொருவர்; சோப் முறைதான் நர்சுகளுக்கு என்கிறார் மூன்றாமவர். எது சரி? தமிழில் எழுதலாமா? இல்லை, சீனியர் நோட்ஸையே ஜெராக்ஸ் வாங்கிவிடலாமா?
— ஒரு மாணவி, அரியலூர் மாவட்டம்

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

'நீங்கள்' என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. முப்பது வருடம் நர்சிங் மாணவிகளோடு வார்டில் நின்ற பழக்கம். நீ என்றே எழுதுகிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே.

சிஸ்டர் கேட்ட கேள்விக்குப் பதில் உன் நோட்டில் இல்லை என்று நினைத்திருப்பாய். இருந்தது. மூன்று இடத்தில் இருந்தது. இதயச் செயலிழப்புக்கு, உடம்பில் தேங்கும் நீரை வெளியேற்றும் ஃப்ரூசமைடும் இதயத் துடிப்பை வலுப்படுத்தும் டிஜாக்சினும் கொடுப்பார்கள் என்று அடல்ட் ஹெல்த் நோட்டில் எழுதியிருப்பாய். ஃப்ரூசமைடு சிறுநீரோடு பொட்டாசியத்தையும் வெளியேற்றிவிடும் என்பது ஃபார்மகாலஜி நோட்டில் இருக்கும். ரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லி ஈக்விவலன்ட் வரை இருக்க வேண்டும் என்று போன செமஸ்டர் நர்சிங் ஃபவுண்டேஷன் நோட்டில் கட்டம் கட்டி அட்டவணையே போட்டிருப்பாய். பொட்டாசியம் குறைந்துபோன உடம்பில் டிஜாக்சின் வழக்கமான அளவிலேயே நஞ்சாகலாம். குமட்டும், சாப்பாடு பிடிக்காது, பார்ப்பதெல்லாம் மஞ்சளாகத் தெரியும், துடிப்பு தாறுமாறாகும். அதனால்தான் பார்க்கச் சொன்னார்கள். மூன்று நோட்டும் விடுதி அலமாரியில் அடுக்கியிருந்தன. தாத்தா ஒரே கட்டிலில் படுத்திருந்தார்.

உன் சோம்பலோ, தமிழ் வழியோ இதற்குக் காரணமில்லை. பாடத்துக்கு ஒரு நோட்டு என்று பள்ளியில் பழகியதை இங்கேயும் தொடர்கிறாய், அவ்வளவுதான். இந்தியன் நர்சிங் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த செமஸ்டர் பாடத்திட்டத்தில் ஃபார்மகாலஜி, பேத்தாலஜி, அடல்ட் ஹெல்த் மூன்றும் மூன்றாவது செமஸ்டரில்தான் சேர்ந்து தொடங்குகின்றன. அடல்ட் ஹெல்த்தில் இதய நோய் நடக்கும்போது ஃபார்மகாலஜியில் இதய மருந்து நடக்கிறது. பாடத்திட்டம் சேர்த்துத்தான் கொடுக்கிறது, நோட்டில் நாம்தான் பிரித்துவிடுகிறோம்.

சீனியர்கள் சொன்ன மூன்றும் ஒரே வேலைக்கான மூன்று கருவிகள் இல்லை. அமெரிக்காவில் லாரன்ஸ் வீட் என்ற மருத்துவர் 1960-களில் நோயாளியின் பதிவேட்டை ஒழுங்குபடுத்த உருவாக்கிய முறையிலிருந்து வந்தது சோப். நோயாளி சொன்னது, நாம் பார்த்தது அளந்தது, அதிலிருந்து எடுத்த முடிவு, அடுத்து செய்யப்போவது என்று நான்கு பகுதி. இது கேஸ் ஷீட்டில், அதாவது நோயாளியின் பதிவேட்டில், எழுதுவதற்கு. வகுப்பில் உட்கார்ந்து பாடத்தை சோப்பில் எழுதப் போனால் உனக்குத்தான் தலை சுற்றும். மைண்ட் மேப், கேர் பிளான் என்ற பராமரிப்புத் திட்டம் எழுதுவதற்கு முன்னால் உதவும். அதற்குப் பிறகு வருகிறேன். வகுப்புக்கு கார்னெல்தான். ஆனால் அதை நர்சிங்குக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் வளைக்க வேண்டும்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் படிக்கும் முறை சொல்லிக்கொடுத்த வால்டர் பாக் என்ற பேராசிரியர் பரப்பிய முறை அது. லாங் சைஸ் நோட்டில் ஒரு பக்கத்தை எடு. இடது பக்கம் இரண்டரை அங்குலம் விட்டு மேலிருந்து கீழே ஒரு கோடு. அடியில் இரண்டு அங்குலம் விட்டு ஒரு குறுக்குக் கோடு. வகுப்பு நடக்கும்போது வலது பக்கப் பெரிய பகுதியில் மட்டும் எழுது. அதுவும் முழு வாக்கியம் வேண்டாம்; ஸ்லைடில் இருப்பதைத் திரும்ப எழுதவும் வேண்டாம். ஸ்லைடு எப்படியும் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிடும். ஸ்லைடை விட்டு விலகி மேடம் சொல்வார்கள் பார், "நான் ஒரு கேஸ் பார்த்தேன்" என்று. அதை எழுது. அவர்கள் வார்டில் பட்டது ஸ்லைடில் வராது.

இடது பக்கம் வகுப்பில் காலியாகவே இருக்கட்டும். அன்று சாயங்காலம் அதில் கேள்விகள் எழுது. எல்லாரும் சறுக்குவது இங்கேதான். "இதயச் செயலிழப்பு என்றால் என்ன?", "வகைகள் யாவை?" என்று எழுதிவைப்பார்கள். அது வினாத்தாள் கேள்வி. தலைப்பைத்தான் கேள்விக்குறி போட்டுத் திருப்பி எழுதியிருக்கிறாய் என்று அர்த்தம். நோயாளியின் மனைவி கேட்பதுபோல எழுதிப் பார்: "ராத்திரி ஏன் இவர் படுக்காமல் உட்கார்ந்தே தூங்குகிறார்?" இதற்குப் பதில் சொல்ல, இதயத்தின் இடது கீழறை தளர்ந்தால் ரத்தம் நுரையீரலில் தேங்குவதை நீ விளக்கியாக வேண்டும். படுத்தால் காலில் இருந்த நீரும் மேலே வந்து சேர்வதைச் சொல்ல வேண்டும். தலைப்பக்கத்தை உயர்த்திவைக்கும் காரணமும் அதிலேயே வந்துவிடும். நோய்க்கூறு, அறிகுறி, நர்சிங் பராமரிப்பு மூன்றையும் ஒரே கேள்வி இழுத்துவருகிறது.

"மாத்திரையை ஏன் காலையிலேயே கொடுக்கிறீர்கள்?" என்று இன்னொன்று. ஃப்ரூசமைடை மாலையில் கொடுத்தால் தாத்தா இரவெல்லாம் கழிப்பறைக்கு நடப்பார். அரைத்தூக்கத்தில் வழுக்கி விழுவார். "தினமும் ஏன் எடை போடுகிறீர்கள்?" ஒரு கிலோ திடீரென்று கூடினால் கிட்டத்தட்ட ஒரு லிட்டர் நீர் உடம்பில் தங்கிவிட்டது என்று பொருள். கால் வீங்கி நம் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே எடை காட்டிக்கொடுக்கும். அதனால்தான் காலையில், சிறுநீர் கழித்த பிறகு, சாப்பாட்டுக்கு முன், அதே எடைமேடையில் பார்க்கச் சொல்கிறார்கள்.

நம் ஊர் வார்டில் கட்டாயம் வரும் கேள்வி ஒன்று உண்டு: "சிஸ்டர், இளநீர் கொடுக்கலாமா?" சாதாரணக் கேள்விதான். ஆனால் இதற்குச் சரியாகப் பதில் சொல்லும் மாணவிக்கு மூன்று பாடமும் தெரிந்திருக்க வேண்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஃப்ரூசமைடு மட்டும் போகிறவருக்குப் பொட்டாசியம் குறைந்துகொண்டிருக்கும். அதே தாத்தா ஸ்பைரனோலாக்டோனோ, எனாலாபிரில் போன்ற மருந்தோ சாப்பிட்டால் அவை பொட்டாசியத்தை உடம்பிலேயே நிறுத்திவைக்கும். சிறுநீரகமும் தளர்ந்திருந்தால் இளநீர் ஆபத்து. அதோடு அவருக்கு ஒரு நாளைக்கு இவ்வளவு நீர்தான் என்று அளவு வைத்திருப்பார்கள். இளநீர் அந்தக் கணக்கிலும் சேரும். ஆக, கேஸ் ஷீட்டில் என்ன மருந்து, நேற்றைய பொட்டாசியம் எவ்வளவு, நீர் அளவு எவ்வளவு என்று பார்த்துவிட்டு, டாக்டரிடமும் கேட்டுவிட்டுத்தான் சொல்ல முடியும். உன் அடல்ட் ஹெல்த் நோட்டின் இடது ஓரத்தில் 'இளநீர்?' என்ற ஒரு சொல் இருந்தால் போதும். சிஸ்டர் கேட்ட அன்று பொட்டாசியம் உனக்கு நினைவுக்கு வந்திருக்கும்.

கேள்வியைக் கூராகக் கேட்க வேண்டும் என்பதை ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1859-லேயே எழுதிவிட்டார். 'நர்சிங் பற்றிய குறிப்புகள்' என்ற அவருடைய நூலில், நோயாளியைக் கவனிப்பது பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது. "இரவு நன்றாகத் தூங்கினாரா?" என்று கேட்டால் உருப்படியான பதில் வராது, எத்தனை மணி நேரம் தூங்கினார், இரவில் எந்த நேரத்தில் தூங்கினார் என்று கேள் என்கிறார். நோட்டின் இடது ஓரத்துக்கும் இதே அளவுகோல் போதும்.

இனி, அடியில் விட்ட இரண்டு அங்குலம். வால்டர் பாக் அதைச் சுருக்கம் எழுத வைத்தார். நீ அதில் ஒன்றை மட்டும் எழுது: இந்த நோயாளியிடம் போனதும் நான் எதைப் பார்ப்பேன், எதைச் செய்வேன், எது நடந்தால் உடனே கூப்பிடுவேன். நான்கு வரிக்கு மேல் போனால் உனக்கு இன்னும் புரியவில்லை. நர்சிங் படிப்பில் எந்தத் தலைப்பும் இந்த இடத்துக்கு வந்து சேராமல் முடியக்கூடாது என்பது என் பிடிவாதம். பேத்தாலஜிக்குமா என்று கேட்பாய். பேத்தாலஜிக்கும்தான்.

சரி, ஃபேர் நோட்டு. நிறுத்திவிடு. கோபம் வரும், தெரியும். அந்த அழகான நோட்டுகள் மேல் எனக்கும் ஆசைதான். ஆனால் பார்த்து எழுதும்போது கைதான் உழைக்கிறது, மூளை சீரியல் கதையை நினைத்துக்கொண்டிருக்கிறது. ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே பகுதியைச் சில மாணவர்கள் திரும்பத் திரும்பப் படித்தார்கள். சிலர் ஒருமுறை படித்துவிட்டு, மூடிவைத்து, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது தலைகீழ். விடுதியில் உனக்கு ஏற்படும் மயக்கம் இதுதான். இரவு பதினொரு மணிக்கு எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், அடுத்த வாரம் இன்டர்னலில் இருக்காது.

ஃபேர் நோட்டுக்குப் போகும் அந்த நேரத்தை இப்படி மாற்று. சாயங்காலம் டீ குடித்த பிறகு பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்று இடது ஓரக் கேள்விகளை எழுது. வலது பக்கத்தை ஒரு அட்டையால் மூடி, கேள்விக்குப் பதிலை வாய்விட்டுச் சொல்லு. சொல்ல முடியாததற்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வை. மூன்று நாள் கழித்துப் புள்ளி வைத்ததை மட்டும் திரும்பக் கேட்டுக்கொள். ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கும்போது அறைத்தோழியைக் கேட்கச் சொல். ஜெல் பேனாக்களில் நீலமும் சிவப்பும் போதும். சிவப்பு எதற்கென்றால், தவறினால் நோயாளிக்கு ஆபத்து வரும் இடத்துக்கு மட்டும். பக்கம் முழுக்க சிவப்பாக இருந்தால் சிவப்புக்கு மரியாதை இல்லை.

தமிழில் எழுதலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டிருக்கிறாய். தாராளமாக. இடது ஓரக் கேள்விகளைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்றே சொல்வேன். உன் நோயாளி தமிழில்தான் கேட்கப்போகிறார். காரணத்தை விளக்கும் வரிகளும் தமிழில் இருக்கட்டும். ஆனால் மருத்துவச் சொற்களை ஆங்கில எழுத்தில், சரியான ஸ்பெல்லிங்கோடு எழுது. அதைத் தமிழ் எழுத்தில் எழுதும் பழக்கம் வேண்டாம். தேர்வு ஆங்கிலத்தில் என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. சிறுகுடலின் கடைசிப் பகுதியும் இலியம், இடுப்பெலும்பும் இலியம். ஆங்கிலத்தில் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம், தமிழில் அதுவும் இல்லை. டிஸ்ஃபேஜியா என்றால் விழுங்கச் சிரமம், டிஸ்ஃபேசியா என்றால் பேச்சில் சிரமம். காதில் விழுந்தபடி எழுதிக்கொண்டு வந்தால், பேச முடியாதவருக்குச் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, விழுங்க முடியாதவருக்கு இட்லி ஊட்டுவாய். நோட்டின் கடைசிப் பக்கங்களில் சொல்லின் வேர்களைச் சேர்த்துக்கொண்டே வா. 'எக்டமி' என்றால் வெட்டி நீக்குவது, 'ஆஸ்டமி' என்றால் வெளியே ஒரு திறப்பு வைப்பது, 'ஆட்டமி' என்றால் கீறித் திறப்பது. ஐம்பது வேர் தெரிந்தால் புதிய சொல் பயமுறுத்தாது. தமிழ் வழியில் வந்த பிள்ளைகள் இதை வேகமாகப் பிடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். பகுபதம் பிரித்துப் பழகியவர்கள் இல்லையா.

ஃபார்மகாலஜிக்கு நோட்டே வேண்டாம், அட்டை போடு. ஆனால் மருந்துக்கு ஒரு அட்டை என்று போனால் ஆயுள் போதாது. குழுவுக்கு ஒன்று. பெயர் 'ஓலால்' என்று முடிந்தால் பெரும்பாலும் இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர், 'பிரில்' என்று முடிந்தால் ரத்தக் குழாயைத் தளர்த்தும் ஏசிஇ இன்ஹிபிட்டர். அட்டையின் பின்பக்கம் மூன்றே விஷயம்: கொடுக்கும் முன் எதைப் பார்ப்பேன், கொடுத்த பின் எதைக் கவனிப்பேன், வீட்டுக்குப் போகும்போது என்ன சொல்லி அனுப்புவேன். பீட்டா பிளாக்கர் என்றால் முன்னால் நாடியும் ரத்த அழுத்தமும். ஆஸ்துமா உண்டா என்று ஒரு கேள்வி. வீட்டில் திடீரென்று நிறுத்தக்கூடாது. டிஜாக்சினுக்கு மட்டும் தனி அட்டை, அதில் சிவப்பு: மார்பில் ஸ்டெதஸ்கோப் வைத்து ஒரு நிமிடம் முழுக்க எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60-க்குக் கீழே இருந்தால் கொடுக்காமல் தெரிவிக்க வேண்டும். அட்டையின் மூலையில் அடல்ட் ஹெல்த் நோட்டின் பக்க எண்ணை எழுதிவிடு. நோட்டிலும் அட்டையின் எண்ணை எழுது. அந்த மூன்று நோட்டையும் இணைக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அனாடமிக்கு வரைந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. பார்த்து வரையாதே, மூடிவைத்து வரை.

போஸ்டிங் காகிதம் தனி. அதை உன் வகுப்பு நோட்டோடு கலக்காதே. ஏ4 தாளை நான்காக மடித்தால் பாக்கெட்டில் நிற்கும். ஒரு மடிப்பு ஒரு நோயாளிக்கு. கட்டில் எண், நோய், இன்றைக்கு நேரப்படி என்னென்ன வேலை, இன்டேக் அவுட்புட், அதாவது உள்ளே போன நீரும் வெளியே வந்த நீரும். பெயர் வேண்டாம், கட்டில் எண் போதும். டியூட்டி முடிந்ததும் கிழித்துவிடு. கேஸ் ஷீட்டைப் போனில் படமெடுக்கும் பழக்கம் இருந்தால் இன்றோடு விடு. அது அவருடைய அந்தரங்கம், உன் கேலரியில் இருக்க வேண்டியதில்லை.

இந்தக் காகிதத்தில் ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறாராக இருப்பேன். யூனிட் என்பதை முழுச் சொல்லாக எழுது. நான் மாணவியாக இருந்தபோது ஒரு இரவு டியூட்டியில் இன்சுலின் அளவுக்கு '4' எழுதி, பக்கத்தில் யூனிட்டுக்காக ஆங்கில 'யு' எழுத்தைப் போட்டேன். அவசரத்தில் அந்த எழுத்தின் வாய் மூடிக்கொண்டது. ஒரு மணி நேரம் கழித்து என் கையெழுத்தை நானே 40 என்று படித்தேன். நம் ஊரில் புழங்கும், மில்லிலிட்டருக்கு 40 யூனிட் உள்ள இன்சுலின் குப்பியில் அது முழுசாக ஒரு மில்லிலிட்டர். சிரிஞ்சைக் கையில் எடுத்தபோது பக்கத்தில் நின்ற ஸ்டாஃப் அக்கா, "கேஸ் ஷீட்டைப் பார்த்துட்டு இழு" என்றார். அந்த நோயாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு அன்று இரவு கை நடுக்கம் நிற்கவில்லை. அதே மாதிரி, 1 மில்லிகிராமை 1.0 என்று எழுதாதே, புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும். அரை மில்லிகிராமுக்கு முன்னால் சுழியை விடாதே, 0.5 என்றே எழுது. இந்தச் சுருக்கெழுத்துகளால் மருந்து தவறிய அனுபவங்கள் ஏராளம் என்பதால்தான் அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு 2004-ல் இவற்றைத் தடைப் பட்டியலிலேயே சேர்த்தது. ரஃப் காகிதம்தானே என்று நினைக்காதே. கை பழகியதைத்தான் கேஸ் ஷீட்டிலும் எழுதும்.

யாரிடமாவது தெரிவிக்க வேண்டியிருந்தால், போகும் முன் அதே காகிதத்தில் நான்கு வரி எழுதிக்கொள். அமெரிக்கக் கடற்படையின் அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பல்களில் புழங்கி, பிறகு மருத்துவமனைகளுக்கு வந்த எஸ்பார் முறை இது: இப்போது என்ன நிலைமை, பின்னணி என்ன, என் கணிப்பு என்ன, என்ன செய்யச் சொல்கிறேன். "சிஸ்டர், 7-ம் கட்டில் தாத்தாவுக்கு டிஜாக்சின் கொடுக்கும் முன் எண்ணினேன், 52 தான் இருக்கிறது. மூன்று நாளாக ஃப்ரூசமைடு ஊசி போகிறது, நேற்று பொட்டாசியம் 3.1. டிஜாக்சின் அதிகமாகிவிட்டதோ என்று தோன்றுகிறது. மருந்தைக் கொடுக்கவில்லை, டாக்டரிடம் சொல்லட்டுமா?" இதைச் சொல்ல இருபது விநாடி ஆகும். அன்று சிஸ்டர் உன்னிடம் எதிர்பார்த்ததும் இந்த மாதிரி ஒன்றைத்தான்.

கேர் பிளான் எழுதும் நாளில் மைண்ட் மேப்பை எடு. தாளின் நடுவில் நோயாளி. சுற்றிலும் அவருடைய தொல்லைகள்: மூச்சு, வீக்கம், சோர்வு, தூக்கம், பயம். எந்த மருந்து எந்தத் தொல்லையைக் குறைக்கிறது, எந்த மருந்து புதிய தொல்லையைக் கொண்டுவருகிறது என்று அம்புக்குறி போடு. நிறைய அம்பு வந்து முட்டும் இடம்தான் உன் முதல் நர்சிங் டயக்னோசிஸாக, அதாவது நர்சாக நீ முதலில் கவனிக்க வேண்டிய தொல்லையாக, இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கப்புறம் ரெக்கார்டில் பத்தி போட்டு எழுதுவது அரை மணி நேர வேலை. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் கால் மணி நேரத்தில் முடியும் என்பதும் எனக்குத் தெரியும். திருத்துகிற எங்களுக்கும் அது தெரியும்.

கடைசியாக ஜெராக்ஸ். சீனியர் நோட்ஸ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். எந்தத் தலைப்பு எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள உதவும். ஆனால் காசு கொடுக்கும் முன் தடுப்பூசி அட்டவணைப் பக்கத்தைப் புரட்டிப் பார். போலியோ ஊசி 6-வது வாரம், 14-வது வாரம் இரண்டோடு நின்றுவிட்டதா, ஒன்பதாவது மாத ஊசியும் இருக்கிறதா? 2023-ல்தான் மூன்றாவது டோஸைச் சேர்த்தார்கள். அது இல்லையென்றால், அந்த ஜெராக்ஸ் எத்தனை பேட்ச் கை மாறி வந்திருக்கிறது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். உன் நோட்டிலும் இந்த மாதிரி அட்டவணைக்கு மேலே வருடத்தை எழுதி வை. உனக்கு அடுத்த பேட்ச் பிள்ளை உன்னிடம்தான் ஜெராக்ஸ் கேட்டு வருவாள்.